சாப்ளின் அறை வாசலில் இருந்த பலகை

(ஆதரவாளர் கூடுகையில் நம் மருத்துவமனைச் சாப்ளின் பேசியதின் எழுத்து வடிவம்)



  

காலையில் உள்ளே வந்தவுடன் உங்களில் மூன்று நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "ஐயா, உங்க ரூம் வாசல்ல இருந்த போர்டு எங்கே?" என்று. "மனநல ஆலோசனை மையம்" என்று வெள்ளை எழுத்தில் எழுதி, கீழே காணிக்கை கொடுத்த பெண்கள் ஐக்கியத்தின் பெயரும் போட்டிருந்த அந்தப் பலகையைத்தான் கேட்டீர்கள். அதைத் திருடர் யாரும் கொண்டுபோகவில்லை. நாங்களே ஸ்குரு டிரைவர் வைத்துக் கழற்றினோம். இப்போது அங்கே "சாப்ளின் அறை" என்று மட்டும் இருக்கிறது. உங்கள் காணிக்கையில் மாட்டிய பலகையை நாங்கள் இறக்கினால், அதற்குக் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்றைய செய்தி அந்தக் கணக்குத்தான்.

எங்கள் அறைக்கு யார் வருகிறார்கள் என்பதிலிருந்து துவங்குகிறோம். விடியற்காலையில் கம்பம் மெட்டு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிற பெண்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இருட்டிய பிறகு இறங்கி வந்து அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள் அவர்கள். வீட்டுக்காரர் குடித்துவிட்டுப் படுத்திருப்பார். குழுக் கடன் தவணை நாளைக்கு என்று இருக்கும். இவர்கள் எங்களிடம் தலைவலி என்றுதான் வருவார்கள். பிறகு ஆண்கள். திராட்சை விலை விழுந்து கொடி போட்ட கடன் நிற்கிறது, ஆழ்குழாய்க் கிணறு பொய்த்துவிட்டது என்று வருகிறவர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் பெருமைப்பட்டது, நாங்களும் பெருமைப்பட்டோம். அதே தோட்டத்து மோட்டார் அறையில் இருக்கிற மருந்து டப்பாவைத்தான் இரவு பத்து மணிக்கு ஆம்புலன்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், டாக்டருக்குக் காட்டுவதற்காக. அரளி விதையை அரைத்துக் குடித்தவர்களும் வருகிறார்கள். டாக்டர்கள் சுவாசத்தைக் காப்பாற்றி, அட்ரோபின் போட்டு, இரண்டு இரவு போராடி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு, "சாப்ளின் ஐயாவைக் கூப்பிடுங்க" என்பார்கள்.

பக்கத்தில் போய் உட்காருவோம். முதல் நாள் ஒன்றும் பேசமாட்டார்கள். மாத்திரையை மாற்றிக் குடித்துவிட்டாள், தைல பாட்டில் என்று நினைத்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் சொல்லுவார்கள். போலீஸ் வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் அது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கிற பழைய 309-ஆம் பிரிவு அவர்கள் மனதில் அப்படி ஊறிப்போயிருக்கிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. இதைக் கட்டிலருகே உட்கார்ந்து மெதுவாய்ச் சொல்லும்போது அந்த முகங்களில் வருகிற மாற்றத்தை நீங்கள் பார்க்கவேண்டும். உங்கள் சபைகளிலும் இதைச் சொல்லுங்கள். அநேகருக்கு இன்னும் தெரியாது.

இனி எங்கள் தப்பிதத்தைச் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு உத்தமபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு இளம் தாயை மாமியார் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பிறந்து மூன்று வாரம். "அய்யா, பிள்ள பொறந்ததுலேர்ந்து கண்ணே மூட மாட்டேங்குறா. சுவத்தப் பாத்துப் பேசுறா. நீங்க ஜெபம் பண்ணுங்கய்யா" என்றார். நாங்கள் ஜெபித்தோம். தலையில் கை வைத்தபோது அந்தப் பெண் அமைதியானாள். மறுவாரமும் வந்தார்கள், அப்போதும் அமைதியானாள். வாசலில் பலகை இருந்தது, சுவரில் எங்கள் இறையியல் கல்லூரிப் பட்டமும், ஆற்றுப்படுத்துதல் பயிற்சிச் சான்றிதழும் சட்டம் போட்டுத் தொங்கின. இருபது அடி தள்ளி டாக்டர் அறை இருந்தது. அங்கே அனுப்பவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் போனதற்கு ஒரு காரணம் பெருமை. எங்கள் ஜெபத்தில் அவள் தெளிவதாக வார்டில் நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள், அது எங்கள் காதிலும் விழுந்தது.

நான்காம் வாரம் விடியுமுன் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முல்லைப் பெரியாற்றுக் கரைக்குப் போய்விட்டாள். கீதாரி ஒருவர் ஆட்டுக் கிடையிலிருந்து பார்த்து, சந்தேகப்பட்டு, பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து நிறுத்தினார். பிள்ளை பிறந்த பின் சில தாய்மாருக்கு வருகிற கடுமையான மனநோய் அது என்றும், அவசரமாய்ப் பார்க்கவேண்டியது என்றும் மதுரையில் மனநல மருத்துவர் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தூக்கமில்லாத முதல் வாரத்திலேயே அனுப்பியிருக்கலாம். மருந்தில் ஆறு வாரத்தில் அவள் தேறினாள். இன்று அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் அந்தக் கீதாரி அன்று ஆட்டை வேறு பக்கம் ஓட்டியிருந்தால் என்று நினைக்கிற இரவுகள் எங்களுக்கு உண்டு.

எங்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. மாமியார் வந்து நன்றிதான் சொன்னார். எந்த அலுவலகத்திலிருந்தும் கடிதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தபோதுதான், இந்த வேலையைச் செய்ய எங்களுக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள் என்று தேட ஆரம்பித்தோம். அறுபது வயதுக்கு மேல் சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம், எங்கள் வீட்டம்மாவுக்கு அது வேடிக்கை.

மனநோய்க்கு மருந்து எழுதுகிற டாக்டருக்குப் பதிவு வேண்டும், அது எல்லாருக்கும் தெரிந்ததே. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்கிறவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் இருக்கவேண்டும். 1992-ஆம் வருஷத்து மறுவாழ்வுக் குழுமச் சட்டம் அது. பதிவில்லாமல் அந்தத் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டம் வந்தபோது ஏற்கனவே தகுதிப் படிப்பு முடித்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் விலக்குக் கொடுத்து, அதற்குள் விண்ணப்பம் போடச் சொன்னார்கள். 2017-ஆம் வருஷத்துச் சட்டம், மனநலச் செவிலியர்களும் மனநலச் சமூகப் பணியாளர்களும் மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும் என்கிறது. ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி ஆகியவற்றில் மனநோய்க்கென்று மேற்படிப்புப் படித்தவர்களையும், சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் என்ற மேற்படிப்பு முடித்தவர்களையும் மனநலத் தொழிலராக அது ஏற்றுக்கொள்கிறது. 2021-ல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம், மற்ற உளவியலாளர்களையும் மருத்துவச் சமூகப் பணியாளர்களையும் ஒருவகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் எழுதியிருக்கிறது.

சாப்ளின் எங்கே? போதகர் எங்கே? எங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அந்தச் சட்டங்களில் நாங்கள் வாசித்த இடத்தில் இல்லை. வேண்டாம் என்று விலக்குக் கொடுத்த வரியும் இல்லை. பள்ளத்தாக்கில் எந்த ஊரிலும், மூன்று வாரப் பயிற்சி முடித்த ஒருவர் "கவுன்சிலர்" என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். அதே வரிசையில்தான் எங்கள் பலகையும் தொங்கியது.

நம் தேனிப் பக்கத்தில் விலக்கு என்றால் வேறு அர்த்தம். பெரிய சாலையை விட்டு ஊருக்குள் பாதை பிரிகிற இடம் விலக்கு. தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் கண்டக்டரிடம் "க.விலக்கு ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். விலக்கில் இறங்கினவர் அங்கேயே நின்றுகொண்டிருக்க மாட்டார், ஊருக்குள் நடக்கவேண்டும். நாங்கள் அந்தப் பெண்ணை விலக்கிலேயே நிறுத்தி வைத்திருந்தோம்.

அமெரிக்காவில் போதகருக்கு எழுத்திலேயே விலக்கு உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் குடும்ப ஆலோசகர்களுக்கு உரிமம் கட்டாயம். ஆனால் குருவானவர், யூத ரபி, சுவிசேஷ ஊழியர் தங்கள் ஊழியத்தின் பகுதியாக ஆலோசனை சொன்னால் அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கிறது. அங்கே 1979-ல் 24 வயது வாலிபர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெரிய சபை ஒன்றைச் சேர்ந்தவர், அதன் போதகர்களிடம் ஆலோசனை பெற்று வந்தவர். சில வாரங்களுக்கு முன்புதான் அளவுக்கு மிஞ்சி மாத்திரை விழுங்கி ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தார். டாக்டர்களும் அவரைப் பார்த்திருந்தார்கள். பெற்றோர் சபையின்மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு பல வருஷம் இழுத்து, 1988-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் போதகர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நேலி வழக்கு என்று அதற்குப் பெயர். தொழில்முறைச் சிகிச்சையாளர் அல்லாத போதகருக்கு, தன்னிடம் வந்தவரை மனநல மருத்துவரிடம் அனுப்பியே தீரவேண்டும் என்ற சட்டக் கடமை கிடையாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். சட்டமன்றமே போதகருக்கு உரிமத்திலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறதே என்பதையும் காரணமாய்க் காட்டினார்கள்.

இதை முதலில் வாசித்தபோது எங்களுக்குப் பெருமூச்சு வந்தது. எங்களைப் போன்றவர்கள் தப்பித்தோம் என்று. மறுநாள் காலையில் அந்தத் தீர்ப்பை நினைத்தபோது ஆற்றங்கரைப் பெண்ணின் முகம்தான் வந்தது. நீதிமன்றம் எங்களுக்கு இல்லை என்று சொன்ன கடமையை, மாமியார் எங்கள் மடியில் அல்லவா வைத்துவிட்டுப் போனார்! நீதிபதிகள் சொன்னது சட்டத்துக்குச் சரியாயிருக்கலாம். போதகர் ஒவ்வொருவரும் என்ன பேசலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுப்பது எங்களுக்கும் சம்மதமில்லை.

நம் நாட்டில் விலக்கு எதில் கொண்டுபோய் விட்டது என்பதை நம் தமிழ்நாடே கண்டது. 1987-ல் ஒரு மனநலச் சட்டம் இயற்றி, 1993-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மனநோயாளிகளை வைத்துப் பார்க்கிற தனியார் மருத்துவமனைக்கு உரிமம் கட்டாயம் என்றது அந்தச் சட்டம். அரசாங்கம் நடத்துகிற மனநல மருத்துவமனைக்கு உரிமம் வேண்டாம் என்று விலக்கு. தர்கா, கோவில், ஜெப வீடு ஆகியவற்றைச் சுற்றி நடந்த இடங்களை அது பேர் சொல்லி விலக்கவில்லை, ஆனால் யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மரித்துப்போனார்கள். அடுத்த சில நாட்களில் அங்கிருந்த அப்படிப்பட்ட வீடுகளையெல்லாம் அரசாங்கம் மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது.

ஏர்வாடியைப் பேசும்போது நாம் கிறிஸ்தவர்கள் தர்காவைக் கைகாட்டிவிட்டுப் போய்விடலாகாது. ஜெப வீடு என்ற பெயரில் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட இடங்களிலிருந்து வந்த தழும்புகளை இதே மருத்துவமனையில் நாங்கள் மருந்து வைத்துக் கட்டியிருக்கிறோம். கொண்டுபோய் விட்ட குடும்பத்தாரையும் லேசாகப் பழிக்காதிருங்கள். அவர்களில் பலர் வீட்டிலே பத்து வருஷம் தூங்காமல் காவல் இருந்து, நிலத்தை விற்று, கடைசியில் எங்கேயாவது ஒரு வாசல் திறந்தால் போதும் என்று போனவர்கள். திறந்த வாசல் அது ஒன்றுதான்.

2018-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எவ்விதத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. மனநோயாளிகள் தங்கிச் சிகிச்சையோ பராமரிப்போ பெறுகிற எந்த இடமும், அரசாங்கம் நடத்தினாலும் அறக்கட்டளை நடத்தினாலும், பொது மருத்துவமனையானாலும், பதிவு செய்யவேண்டும் என்கிறது. பழைய விலக்கெல்லாம் போயிற்று. ஒரே ஒரு விலக்கை வைத்திருக்கிறார்கள்: நோயாளி தன் உறவினரோடோ சிநேகிதரோடோ வாழ்கிற வீடு. பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவைக்கு 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் இரண்டு லட்சம், ஐந்து லட்சம் வரை போகிறது.

இந்த இடத்தில் நாம் நம்மைப் பார்க்கவேண்டியதாயிற்று. சமையலறைக்குப் பின்னால் இருக்கிற மூன்று அறைகள் உங்களில் சிலருக்குத் தெரியும். வார்டிலிருந்து பெயர் வெட்டிய பிறகும் வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவர்களை, சித்தம் கலங்கியவர்களையும்கூட, இரண்டு வாரம், மூன்று வாரம் அங்கே வைத்துக்கொள்வோம். சோறு போடுவோம், ஜெபிப்போம். அன்பினால் செய்தது. ஆனாலும் சட்டத்தின்படி அது பதிவு செய்யவேண்டிய இடமே. நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டம் இதற்காகவே போயிற்று, கொஞ்சம் சத்தமும் எழும்பிற்று. கடைசியில் பதிவு வரும்வரை அந்த அறைகளில் மனநோயாளிகளை வைப்பதில்லை என்று தீர்மானித்து, விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இந்த மாதங்களில் "இடமில்லை" என்று சிலரைத் திருப்பி அனுப்பினோம். அதிலே ஒரு பெரியவர், "சோறு போட லைசென்சாய்யா?" என்று கேட்டார். எங்களிடம் நல்ல பதில் இல்லை. க.விலக்குக்கு அவரோடு ஆள் அனுப்பினோம்.

அந்தப் பெரியவர் கேட்டது நியாயமான கேள்விதான். 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோயுள்ளவர்களில் நோய்க்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. சர்வதேச அளவுப்படி ஆட்களைப் பெருக்கப் பத்து வருஷத்துக்குள் முயல வேண்டும் என்று சட்டமே அரசாங்கங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதுவரை உரிமம் உள்ளவர் மட்டும்தான் பக்கத்தில் உட்காரலாம் என்றால், குரங்கணிக்கும் வருசநாட்டுக்கும் யார் போவார்?

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில், மனநலப் படிப்பில்லாத டாக்டரும், பதிவு பெற்றவராயிருந்தால், 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நம்மைப்போன்ற சிறிய மருத்துவமனைக்கு இது பெரிய உதவி. மின்சார சிகிச்சை மட்டும் அந்த அவசரத்திலும் கூடாது.

உரிமமில்லாதவர்கள் செய்த நல்ல வேலைகளும் உண்டு. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், தற்கொலை எண்ணத்தோடு தவிக்கிறவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று தொலைபேசி எண் கொடுத்தார். கூட்டம் வந்தது. காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சாதாரண சபையார் சிலரை வைத்தார். பலர் தேநீர் குடித்துப் பேசிவிட்டு, குருவானவரைப் பார்க்காமலே ஆறுதலாய்ப் போய்விட்டார்கள். அந்தத் தேநீர்க்காரர்கள்தான் சமாரித்தன்ஸ் என்ற இயக்கமானார்கள். சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகாவும் தொண்டர்களைக் கொண்டே நடக்கிறது. கோவாவில் உள்ளூர் ஆட்களுக்கு இரண்டு மாதம் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்காரரோடு பேசவைத்தார்கள். அரசாங்க நிலையங்களில் அதிகம் பேர் தேறினார்கள் என்று 2010-ல் முடிவு வெளிவந்தது. கடினமான மனச்சிதைவு நோய்க்கும் இப்படி உள்ளூர் ஊழியர்களைக் கொண்டு கோவாவிலும் மகாராஷ்டிராவிலும் நம் தமிழ்நாட்டிலும் செய்து பார்த்து, 2014-ல் வெளியிட்டார்கள். வேலூர் பாகாயத்தில் 1957-ல் மனநல மையம் ஆரம்பித்தபோதே, குடும்பத்தார் நோயாளியோடு தங்கிப் பராமரிக்கும்படி வைத்தார்கள். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உரிமம் உண்டா?

ஆனால் இவர்களுக்கும் எங்களுக்கும் இருந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. கோவாவின் ஊழியருக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருந்தார், எப்போது தாண்டி அனுப்பவேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. தேநீர் கொடுத்தவர்கள் தங்களை வைத்தியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் பின்னால் யாரும் இல்லை, வாசலில் பலகை இருந்தது.

அதனால்தான் கழற்றினோம். ஊழியத்தை நிறுத்தவில்லை. அதே நாற்காலி, அதே மண்பானைத் தண்ணீர். மேஜைக் கண்ணாடிக்கடியில் இப்போது ஒரு தாள் இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்தது. தூக்கம் ஒரு வாரமாய் இல்லையா, பிறர் காதில் விழாத சத்தம் கேட்கிறதா, சாகவேண்டும் என்று தோன்றுகிறதா, சமீபத்தில் பிள்ளை பெற்றவளா, சாப்பாட்டை விட்டுவிட்டாரா என்று ஐந்து கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஜெபித்துவிட்டு, சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பாமல், கையைப் பிடித்து நாங்களே டாக்டர் அறைக்குக் கூட்டிப்போகிறோம். சீட்டுக் கொடுத்தால் பாதிப் பேர் வாசலோடு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

ஒரு போதக சகோதரர் வருத்தமாய்க் கடிதம் எழுதியிருந்தார். ஜெபத்தின்மேல் விசுவாசம் குறைந்துவிட்டதா என்று. கல்லறைகளில் குடியிருந்த மனுஷனை நினைத்துப் பாருங்கள் என்று பதில் எழுதினோம். ஊரார் அவனைச் சங்கிலியால்தான் கட்டிப்பார்த்தார்கள். ஆண்டவர் அவனைச் சங்கிலியோடு தம் பின்னால் அழைத்துத் திரியவில்லை, புத்தி தெளிந்தவனாய் அவன் வீட்டாரிடத்துக்கு அனுப்பினார். புத்தி தெளிய எந்த வழி திறந்திருக்கிறதோ அதை அடைக்க எங்களுக்கு அதிகாரமில்லை. அந்தச் சகோதரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன மாதம் தன் சபையிலிருந்து ஒரு வாலிபனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இனி பணக் கணக்கு. "ஆலோசனை மைய நிதி" என்று நீங்கள் கொடுத்ததில் மீதியிருப்பதை வேறு வேலைக்கு மாற்ற உங்கள் சம்மதம் வேண்டும். நம் வார்டில் எட்டு வருஷமாய் வேலை செய்கிற செவிலியர் ஒருவர் மனநலச் செவிலியர் டிப்ளமோ ஒரு வருஷம் படிக்க மனதாயிருக்கிறார். அவருடைய படிப்புக் கட்டணமும், அந்த வருஷம் அவர் வீட்டுக்குப் பாதிச் சம்பளமும் ஒன்று. மாதம் இரண்டு சனிக்கிழமை மதுரையிலிருந்து வரச் சம்மதித்திருக்கிற மனநல மருத்துவருக்குப் பயணச் செலவு இரண்டாவது. மூன்றாவது, க.விலக்குக்கும் மதுரைக்கும் போகிற ஏழைகளுக்கும் கூடப்போகிறவருக்கும் பஸ் கட்டணம். பார்க்கச் சின்னதாயிருக்கும், ஆனால் சிகிச்சையை நடுவில் விடுகிறவர்கள் எங்களிடம் அதிகமாய்ச் சொல்லுகிற காரணம் அதுதான்.

பலகை கொடுத்த பெண்கள் ஐக்கியத்தின் மூத்த அம்மாவை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். கழற்றுமுன் கேட்டிருக்கவேண்டும், கழற்றிய பிறகுதான் போனோம். அந்தக் குறை எங்களுடையது. அவர்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்கள். ஆற்றங்கரைப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது கண்ணீர் விட்டார்கள். பிறகு, "ஐயா, பலகைக்கு அன்னைக்கே ஆயிரத்து எண்ணூறு ஆச்சு. தேக்கு. எறிஞ்சிராதீங்க" என்றார்கள். எறியவில்லை, ஸ்டோரில் இருக்கிறது.

பதிவு விண்ணப்பத்தைப் பார்க்க வருகிறவர்கள் எந்த நாளும் வரலாம் என்று அலுவலகத்தில் சொல்லுகிறார்கள். அதற்குள் பின் அறைகளில் ஜன்னலுக்குக் கம்பி மாற்றவேண்டும், இரண்டாவது வாசல் ஒன்று வைக்கவேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏர்வாடிக்குப் பிறகு இரண்டாவது வாசல் என்ற வார்த்தையை எங்களால் சாதாரணமாய் வாசிக்க முடிவதில்லை. கொத்தனார் வேலை தெரிந்த சகோதரர்கள் இங்கே மூன்று பேர் இருக்கிறீர்கள், கூடுகை முடிந்ததும் ஒரு ஐந்து நிமிஷம் எங்களோடு பின்பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். மற்றவர்களுக்குச் சாப்பாடு ஆயத்தமாயிருக்கிறது.